ஐம்பது நிமிடத் தொலைவு

"போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் சார்?" என்று கேட்டுக்கொண்டே பெட்டியை எடை பார்க்க வைத்தார் பயணி.

ஐம்பது நிமிடம் என்றான் கவுன்ட்டரில் இருந்தவன்.

பன்னிரண்டு வருடமாக ஒரு நாளைக்கு இருபது பேருக்காவது சொல்லும் பதில். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். ஆகாயத்தில் முந்நூறு கிலோமீட்டர். மலையைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் போனால் பதினாலு மணி நேரம், இடுப்பு கழன்றுவிடும். இப்போது மழையில் பாதை சரிந்து அதுவும் நின்றுபோயிருந்தது.

அந்த ஊர் ஆஸ்பத்திரியில்தான் அவன் அப்பா ஐந்து நாளாகக் கிடக்கிறார். அவருக்காக மூச்சு விடுவது ஓர் இயந்திரம். பக்கத்தில் அக்கா, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில்.

ஊழியர்களுக்கு இலவச டிக்கெட் உண்டு. என்ன, காசு கொடுத்தவர்கள் எல்லாரும் ஏறி, கவுன்ட்டரையும் மூடிய பிறகு இடம் மிஞ்சினால்தான் அது செல்லும். ஒரு நாளைக்கு ஒரே விமானம். நான்கு நாளாக டிக்கெட் சட்டைப்பையில் இருக்கிறது. நான்கு நாளாக அக்கா போன் செய்யும்போதெல்லாம் வாய் கூசாமல் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஃபுல்லுக்கா.

ஒன்றரை மணிக்குக் கவுன்ட்டரை மூடினான்.

மொத்தம் எழுபது இருக்கை. ஏறியவர்கள் முப்பத்தெட்டு பேர்.

இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தான். கல்யாணக் கோஷ்டி ஒன்று மூச்சிரைக்க ஓடி வந்து மிச்ச இடத்தையெல்லாம் அடைத்துக்கொள்ளாதா என்று வாசலைப் பார்த்தான். தரை துடைப்பவரைத் தவிர அங்கே ஒருவரும் இல்லை.

டாக்டர் முதல் நாளே கையை விரித்துவிட்டார். மகன் வந்து முகத்தைப் பார்த்ததும் இயந்திரத்தை எடுத்துவிடலாம் என்று குடும்பமே கூடிப் பேசி முடித்திருந்தது. போனில் சரி என்று சொன்னவனும் அவன்தான்.

அவன் போய் இறங்கினால் அன்றோடு அப்பா இல்லை. போகாதவரை இருக்கிறார். நினைக்க வெட்கமாக இருந்தது, ஆனாலும் கால் எழவில்லை.

விமானம் கிளம்பிப் போன சத்தம் அடங்குவதற்குள் அக்காவின் போன் வந்தது. பொய்யை நாக்கு நுனியில் தயாராக வைத்துக்கொண்டு எடுத்தான்.

இடம் கிடைத்ததா என்று அவள் இன்று கேட்கவில்லை. இயந்திரம் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. நேற்றைய விமானத்தில் அக்காவின் கணவர் போயிருந்தார். நீங்க ஏறுங்க மாமா, இடம் இருந்தா நானும் வந்துடறேன் என்று ஜன்னலோரச் சீட்டைப் போட்டுக் கொடுத்தது அவனேதான். அந்த வரிசையிலும் அதற்கு முன் வரிசையிலும் ஆளே இல்லை. மாமா வயிற்றில் எதுவும் தங்காது. போன கையோடு சொல்லியிருப்பார்.

என்ன திட்டு வரப்போகிறதோ என்று கண்ணை மூடிக்கொண்டான்.

"தம்பி," என்றாள் அக்கா, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில். "நாளைக்கும் ஃபுல்லாத்தானேடா இருக்கும்?"