வெளுத்துப்போன பிளக்

புது சைலன்சரை மாட்டிய நாளிலிருந்தே அந்த மோட்டார் சைக்கிளில் காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டருக்கு மனசு சரியில்லை. ரோட்டில் போகிறவர்களெல்லாம் சைலன்சரின் சத்தத்தைக் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

புகை வேகமாக வெளியேறியதால் காற்றும் அதிகமாக உள்ளே வந்தது. "அண்ணே, பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டிக் குடுங்க. சூடு தாங்கல," என்றது இன்ஜினுக்குள் தீப்பொறி போடும் பிளக்.

"நேத்து வந்தவனுக்காக என் அளவை நான் மாத்த மாட்டேன்," என்றது கார்புரேட்டர்.

அன்று முதல் சைலன்சர் படபடவென்று வெடித்தது. 'ஓட்டை சைலன்சர்' என்று தெருவே சிரித்தது. கார்புரேட்டர் காதில் விழாததுபோல இருந்துகொண்டது.

வண்டி பழுது பார்க்க வந்தபோது மெக்கானிக் சகாயம் சைலன்சரைத் தொடவே இல்லை. பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காப்பி நிறத்தில் இருக்க வேண்டிய முனை சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "பெட்ரோல் பத்தாம வெந்துபோயிருக்கு," என்றவர் கார்புரேட்டரின் திருகைத் திருப்பி அளவைக் கூட்டினார். வெடிச் சத்தம் நின்றது.

"மன்னிச்சிருங்கண்ணே," என்றது சைலன்சர், தாழ்ந்த குரலில். "நான் வெடிச்சு வெடிச்சு உங்க பேரையும் கெடுத்துட்டேன்."

பிளக்குக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் அது வாயைத் திறக்கவில்லை. கார்புரேட்டருக்கு அதுதான் சுட்டது.