படகு மூழ்கும் காட்சி

ஆற்றில் பயணிகள் படகு மூழ்கியபோது, கடைசி ஆளாகக் குதித்தவர் எங்கள் எதிர்வீட்டுப் படகோட்டி அண்ணன்தான். நாளைக்கு அவருக்குப் பாராட்டு விழா. இன்றைக்குப் பார்த்து சீரியலிலும் படகு கவிழ்ந்தது. நான் விடுவேனா? அவர் வீட்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன்.

"நிஜத்துலயும் இப்படித்தானாண்ணே?"

"சுத்தப் பொய்மா. யாரு இப்படிப் பக்கம் பக்கமா வசனம் பேசுவாங்க? எல்லாரும் ஒரே பக்கமா ஓடுவாங்க, படகு சாஞ்சிடும். அப்புறம் சத்தமே இருக்காது. கரையிலேருந்து பார்த்தா, ஜன்னல் ஜன்னலா கைதான் தெரியும்."

அண்ணி ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்தினாள்.

"கரையிலேருந்தா?"

அண்ணன் ரிமோட்டை வாங்கக் கையை நீட்டினார். அண்ணி கொடுக்கவில்லை.

"படகுக்குள்ள கடைசிவரைக்கும் என் தம்பியைத் தேடினேன்னு சொன்னீங்களே?"

வம்பு தொடங்கும்போது நான் எழுந்து வந்தது இன்றைக்கு மட்டும்தான்.