பச்சைப் பொட்டலம்

சின்ச்சு நகரச் சோதனைக்கூடத்தில் யீ-சுவான் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றாள். இயந்திரம் மக்கர் பண்ணாமலிருக்க, அந்த ஊர் நம்பிக்கைப்படி அதன் தலையில் வைக்கும் பச்சை நொறுக்குத்தீனிப் பொட்டலம் நேற்றோடு காலாவதி. மாற்ற மறந்துவிட்டாள்.

இயந்திரத்துக்குள்ளே இருப்பதோ, தலைமுடியைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லிய இழைகளால் ஆன புது மெமரி சிப். இதற்கு முன் செய்தவையெல்லாம் கரண்ட் போனதும் மொத்தத்தையும் மறந்து தொலைத்தவை.

"என்ன, இன்னும் அந்தச் சோளப்பொரியைக் கும்பிட்டுட்டு இருக்கியா? படிச்ச பொண்ணுதானே நீ!" என்று சிரித்தபடி இயக்குநர் லியாவ் மின்சாரத்தை நிறுத்தி, மறுபடி கொடுத்தார்.

பதிந்த தகவல் அத்தனையும் திரையில் அப்படியே வந்தது.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "சார், பொட்டலம் தேதி முடிஞ்சுபோச்சு. நான் மாத்தாம விட்டுட்டேன்."

லியாவ் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"காலையிலேயே நான் மாத்திட்டேம்மா. யார்கிட்டயும் சொல்லிடாதே."