லவோன் வீட்டு கிறிஸ்துமஸ் கார்டு

“சுவடே தெரியாம அவளைத் தூக்கிடு” என்றாள் லவோன். “போன வருஷம் மாதிரி கை மட்டும் மிச்சம் கிடக்கக் கூடாது.”

“சரி” என்றாள் பெத்தனி, மாமியாரின் முகத்தைப் பார்க்காமல்.

தூக்க வேண்டியது ஐவியை. பெத்தனியின் முதல் கல்யாணத்தில் பிறந்த எட்டு வயதுப் பெண் அவள். நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விருந்து முடிந்ததும் புல்வெளியில் எல்லாரும் கூடி எடுத்துக்கொண்ட படம் லேப்டாப்பில் திறந்திருந்தது. நடு நாற்காலியில் லவோன் மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்க, கடைக்கோடியில் ஐவி நின்றாள். அங்கே நிறுத்தியதே லவோன்தான். கோடியில் நின்றால் வெட்டுவது சுலபமல்லவா!

போனில் எடுத்த படத்தை கிறிஸ்துமஸ் கார்டுக்கு லாயக்காக்கித் தருவது வருஷா வருஷம் பெத்தனி தலையில் விழும் வேலை. யாராவது கண்ணை மூடியிருந்தால் வேறு படத்திலிருந்து கண்ணைக் கொண்டுவந்து வைப்பாள். கொழுந்தன் சட்டையில் சிந்திய குழம்பைத் துடைப்பாள், நடுவில் புகுந்த நாயின் பின்புறத்தை மறைப்பாள். ஒரு வாய்வார்த்தைக்குக்கூட நன்றி கிடையாது.

“ஐவிக்குப் புது கவுன் வாங்கினேன். கார்டுல வரணும்னு ஆசையா நின்னா, லவோன்.”

“நிக்கட்டுமே, யார் வேணாம்னா? இது டிரெஸ்லர் குடும்பத்துக் கார்டு. அவ என்ன டிரெஸ்லரா?”

பெத்தனி கணவனைப் பார்த்தாள். கர்ட்டிஸ் மிச்சமிருந்த வான்கோழியை மும்முரமாகப் பிய்த்துக்கொண்டிருந்தான். “ஒரு கார்டுதானே பெத்தி, விடேன்” என்றான் வாய் நிறைய. நல்ல புருஷன்!

போன வருஷம் ஐவி அந்தக் கார்டைப் பார்த்தது தோழி வீட்டு ஃபிரிட்ஜ் கதவில். வீட்டுக்கு வந்து, “அம்மா, அன்னிக்கு நான் வரவே இல்லையா?” என்று கேட்டாள். இந்த அம்மாளை ஒரு நாள் கவனித்துக்கொள்கிறேன் என்று பெத்தனி அன்றைக்கே கறுவிக்கொண்டாள். இந்த வருஷக் கார்டில் என் பெண் இருந்தே ஆக வேண்டும்!

“வேற என்ன செய்யணும்?” என்று பணிவாகக் கேட்டாள்.

“என் மூஞ்சியில ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது. கழுத்துல தொங்கறதை எடு. தேவதை மாதிரி ஒரு ஒளி வேணும், சர்ச்சுல எனக்குப் போட்டியா நிக்கற அந்த ஃபிலிஸ் பார்த்துட்டு வயிறெரிஞ்சு சாகணும். ஆங், ஆர்வில்லை மறந்துடாதே. எப்பவும் போல மேல மேகத்துல வை.”

ஆர்வில், லவோனின் காலமான கணவர். அமெரிக்காவில் எங்கள் விஸ்கான்சின் மாநிலத்துப் பக்கம் பல வீட்டுக் கார்டுகளில் போய்ச் சேர்ந்தவர்களுக்கும் இடமுண்டு. வெளிறிப்போய் வானத்தில் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

“வெச்சுடறேன்” என்றாள் பெத்தனி.

இரண்டு நாள் கழித்து, மாமியாரின் முகத்தைப் பெரிதாக்கி, போனை அவளிடம் நீட்டினாள். லவோன் அதைப் பிடுங்கி இரண்டு விரலால் இழுத்து இன்னும் பெரிதாக்கினாள். திரை முழுக்க அவள் முகம்தான்.

“அம்மாடி! இருபது வயசு குறைஞ்சு போச்சே! பின்னால என்ன, வெள்ளையா?”

“வெளிச்சம். நீங்கதானே கேட்டீங்க?”

“பரவாயில்லையே, உனக்கும் ஏதோ வருது. அந்தப் பொண்ணு?”

“கோடியில இல்ல. முழுப் படத்தையும் ஒரு தடவை பார்த்துடுங்களேன்.”

“எனக்கு எதுக்கு மத்தவங்க மூஞ்சி? அச்சடிக்கிற இடத்துலேருந்தே சர்ச் ஜனங்க எல்லாருக்கும் நேரா அனுப்பச் சொல்லிடு.” போனைத் திருப்பித் தர மனசில்லாமல் இன்னொரு தடவை தன்னைப் பார்த்துக்கொண்டாள். கூட்டத்தோடு எடுத்த படம் என்றால் எல்லாரும் தங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். ஆனாலும் இந்த அம்மாளுக்குக் கொஞ்சம் அதிகம்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. லவோன் வீட்டுக் கூடத்தில் பெத்தனி கிறிஸ்துமஸ் மரத்துக்கு விளக்குச் சரம் சுற்றிக்கொண்டிருந்தாள். வாசலில் மணி அடித்தது.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள் லவோன். “ஃபிலிஸ்தான்! கார்டு போய்ச் சேர்ந்துடுச்சு போல. எப்படி வெந்து வந்து நிக்கறா பாரு!” தலையைக் கோதிக்கொண்டு, தானே போய்க் கதவைத் திறந்தாள்.

ஃபிலிஸ் கறுப்புக் கோட்டில் நின்றாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. ஒரு கையில் எழவு வீட்டுக்குக் கொண்டுபோகும் சீஸ் உருளைக்கிழங்கு, மறு கையில் கார்டு. பின்னால் சர்ச் பெண்கள் நாலு பேர் வெள்ளைப் பூவோடு நின்றார்கள்.

லவோனைக் கண்டதும் பாத்திரம் கை நழுவிப் படியில் விழுந்தது. ஒருத்தி ‘கர்த்தாவே’ என்று அலறிப் பின்வாங்கினாள்.

“என்னடி இது கோலம்? யாரு போயிட்டா?” என்று பதறினாள் லவோன்.

ஃபிலிஸ் கார்டை நீட்டினாள். நடு நாற்காலியில் புது கவுனோடு ஐவி சிரித்துக்கொண்டிருந்தாள். ஃபிலிஸின் விரல் மேலே மேகத்தில் ஆர்விலுக்குப் பக்கத்தில் தொட்டது. உள்ளே பெத்தனி விளக்குச் சரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

“நீதான், லவோன்.”