நாவலில் செத்தவர்கள்

எழுத்தாளருக்கு நினைவுக் கூட்டம் என் வாடகை நூலகத்தின் மாடியில் நடந்தது. தன் துப்பறியும் நாவல்களில் கொலையாகிறவர்களுக்கு அவர் வாசகர்களின் பெயரைத்தான் வைப்பார். அவர் கையால் சாவது எங்களுக்குள் பெரிய கௌரவம். செத்தவர்கள் மற்றவர்களுக்கெல்லாம் இனிப்பு வாங்கிக் கொடுப்பார்கள்.

"எனக்கு விஷம் வெச்சார்," என்றார் எலக்ட்ரீஷியன். "அந்த வருஷமே மூணாவது மாடியிலேருந்து விழுந்தேன். ஒரு கீறல் இல்ல."

"என்னைக் கழுத்தை நெரிச்சார்," என்றார் நர்ஸம்மா. "அதுக்கப்புறம் பெரிய டாக்டரே கைவிட்ட கேஸு நான். குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கேனே!"

யோசித்துப் பார்த்தோம். அவர் கதையில் கொன்ற ஒருவர்கூட இதுவரை சாகவில்லை.

"எனக்குத்தான் கொடுத்து வைக்கலை," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

எழுத்தாளரின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து கணவருடைய கடைசி நாவலை எடுத்து மேசையில் வைத்தார். அவரை அடக்கம் செய்து சில மாதங்கள் கழித்து அச்சாகி, அன்று காலைதான் கடைகளுக்கு வந்திருந்தது.

"இதுல யாரைம்மா கொன்னிருக்கார்?" என்று கேட்டேன்.

"தன்னையேதான்."

நர்ஸம்மா தன் கழுத்தைத் தடவிக்கொண்டார். எழுத்தாளரின் மனைவி பையை மூடிக்கொண்டு எழுந்தார்.

"கூட்டம் இன்னும் முடியலையேம்மா," என்றேன்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. வீட்டு வேலை அப்படியே கிடக்கு. காலையிலேருந்து பெருக்கிக்கிட்டே இருக்கேன். அவர் நடக்கிற இடமெல்லாம் மண்ணு."