பதினைந்து புள்ளி நான்கு

"பதினஞ்சு புள்ளி நாலு. உங்க மெஷின் பொய் சொல்லுதும்மா" என்றார் முனீஸ்வரன்.

மதுரையிலிருந்து வந்த தேர்வாளர். ராமநாதபுரம் கல்லூரி ஒன்றில் யும்னா நான்கு வருடமாக முக்கி முனகிக் கட்டிய இயந்திரம் தேறுமா, காயலான் கடைக்குப் போகுமா என்பது அவர் கையெழுத்தில் இருந்தது.

அதற்கு வேலை ஒன்றுதான். பாய்ந்து வரும் அயனியை வாயுவின் மேல் மோதவிட்டு, ஒரு எலக்ட்ரானைப் பிய்த்தெறிய அந்த அயனி எவ்வளவு ஆற்றலைப் பறிகொடுத்தது என்று அளப்பது. ஹீலியம் என்றால் குறைந்தது இருபத்து நான்கு புள்ளி ஆறு எலக்ட்ரான் வோல்ட் போயாக வேண்டும்.

சோதனைக்குக் கேட்டிருந்த ஹீலியம் சிலிண்டர் வந்து சேரவில்லை. வேறு வழியில்லாமல், ஏர்வாடி தர்கா வாசலில் பலூன் விற்கும் அஃப்ரிதிடம் காலையில் ஆறு பலூன் வாங்கி வந்தாள். ஹீலியம்தான் என்று அவன் சத்தியமே செய்தான்.

நான்கு பலூனின் காற்று இயந்திரத்துக்குள் போனது. மீதி இரண்டைப் பேத்திக்கு ஆகும் என்று முனீஸ்வரன் கேட்டு வாங்கி, முதல் வேலையாகத் தன் காரின் பின்சீட்டில் கட்டிவிட்டு வந்தார்.

யும்னா மூன்று முறை திரும்ப அளந்தாள். அதே பதினைந்து புள்ளி நான்கு. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"சார், இது ஹைட்ரஜன் மூலக்கூறோட நம்பர். அஃப்ரித் என்னைய ஏமாத்திட்டான். மெஷின் சரியாத்தான் இருக்கு."

"மெஷின் தப்புக்குப் பலூன்காரன் மேல பழியா?" என்று சிரித்துக்கொண்டே அறிக்கையில் 'நம்பத் தக்கது அல்ல' என்று எழுதினார். கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அழுகை முட்டியது அவளுக்கு. அதைவிட ஆத்திரம் அதிகமாக இருந்தது. பின்னாலேயே ஓடினாள்.

அவர் காருக்குள் உட்கார்ந்து, உதட்டில் சிகரெட்டை வைத்து, லைட்டரை எடுத்திருந்தார்.

யும்னா கண்ணாடியைத் தட்டினாள். அவர் இறக்கினார்.

"தாராளமாப் பத்த வைங்க சார். உங்க கணக்குப்படி பின்னால இருக்குறது ஹீலியம், ஒண்ணும் ஆகாது. என் மெஷின் கணக்குப்படின்னாத்தான் வெடிக்கும்."

சொல்லிவிட்டு மரியாதையாகப் பத்தடி பின்னால் போய் நின்றுகொண்டாள்.

முனீஸ்வரன் திரும்பிப் பார்த்தார். இரண்டு பலூன்களும் கார்க் கூரையை முட்டிக்கொண்டிருந்தன.

லைட்டரைச் சட்டைப் பைக்குள் போட்டார். கதவை வலிக்காமல் திறந்து இறங்கினார். சாத்தவில்லை.

வேப்பமரத்தடி வரை நடந்து போய், அங்கே நின்று கோப்பைத் திறந்து, 'அல்ல' என்பதை மட்டும் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.