நம்பர் எழுதிய கல்

ஒரு மலை. மலைக்கு அடியில் திருப்பதி. அந்தத் திருப்பதியில் ஒரு காலேஜ், காலேஜுக்குள் கல்லுக்கென்றே ஓர் அறை, அந்த அறையில் கல்லைப் படம் பிடித்துப் பெயர் எழுதி வைக்கும் பூவராகவன் என்று ஒருத்தர் இருந்தார். அவர் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

சித்தூர்ப் பக்கத்து ஊர்களில் கிடைக்கும் அபூர்வக் கற்களையெல்லாம் படத்தோடு ஒரே புத்தகமாகப் போடும் வேலை அவருக்கு. ஊர்க்காரர்களிடம் கல்லை இரவல் வாங்குவார். "படம் எடுத்துட்டுத் திருப்பிக் குடுத்துடுவோம்" என்று வாக்குக் கொடுத்துத்தான் வாங்குவார்.

அதற்கு ஒரு முறை உண்டு. காலேஜுக்குச் சொந்தமான கல் என்றால், மூலையில் வெள்ளைப் பெயின்ட் பொட்டு வைத்து, அதன்மேல் நம்பர் எழுதிவிடுவார்கள். இரவல் கல்லில் ஒரு கோடுகூடப் போடக் கூடாது. பக்கத்தில் ஒரு சீட்டு வைப்பதோடு சரி.

அன்று பாலசமுத்திரத்திலிருந்து கல்பனா வந்திருந்தாள். தோளில் மூன்று மாதக் குழந்தை.

"கல்ல வாங்கிக்கினு போலாம்னு வந்தேன் சார். நான் மாசமா இருக்கறப்போ எங்க வூட்டுக்காரரு வேணு கொண்டாந்து குடுத்தாரே, கருப்பா மினுக்கினு இருக்குமே, அந்தக் கல்லு."

"கடைசிப் படம்தான்மா. ஒரு நிமிஷம்" என்றார் பூவராகவன்.

கல், கறுப்புத் துணிமேல் ஸ்கேலுக்குப் பக்கத்தில் இருந்தது. படம் எடுக்கும் ரூபா அதைத் திருப்பித் திருப்பி வைத்து எல்லாப் பக்கமும் எடுத்து முடித்தாள். ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது.

பூவராகவன் கல்லைப் பழைய பேப்பரில் சுற்றி நீட்டினார். "இந்தாம்மா. ஆமா, ஒரு பக்கம் மட்டும் ஏன் இப்படித் தேஞ்சிருக்கு?"

"உரைமருந்து சார். புள்ளைங்களுக்கு வசம்பு, ஜாதிக்காய் உரசுவோமில்ல, அத்தோட இதையும் உரசி, தேன்ல கொழச்சி நாக்குல தடவுவேன். கெணறு வெட்டறப்போ ஆப்ட்ட கல்லு. சாமி குடுத்ததுன்னு எல்லாரும் சொன்னாங்க."

நீட்டிய கையை அவர் மடக்கிக்கொண்டார்.

"மூத்தவன் சந்துருக்கு இதான் வெச்சேன். வயித்து வலின்னு துடிப்பான். வலிப்பு வரும். எத்தினி டாக்டருங்க பாத்தும் நிக்கல. நான் மட்டும் கல்ல வுடல சார். தெனம் உரசி உரசி வெச்சேன். ரெண்டு வயசுல பூட்டான்."

குழந்தையின் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"இவளுக்காவது பொறந்ததுலேர்ந்து வெக்கலாம்னா, கல்லு இங்க மாட்டிக்கினு இருந்துது. ஒருவாட்டிகூட வெக்கல. இன்னிக்குத்தான் ஆரம்பிக்கணும்."

பூவராகவன் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் கெணத்துல வேற கல்லு ஆப்டுதா?"

"இது ஒண்ணுதான் சார். தண்ணி வரலன்னு கெணத்தையே மூடிட்டாங்க."

"ஊர்ல வேற யார்கிட்டயாவது ஒரு துண்டு?"

"இல்ல சார். ஏன்?"

பூவராகவன் பேப்பரைப் பிரித்தார். மேஜையிலிருந்த பிரஷ்ஷை எடுத்து, கல்லின் மூலையில் வெள்ளைப் பொட்டு வைத்தார்.

"சார்!" ரூபா பதறினாள். "அது இரவல் கல்லு!"

"இனிமே காலேஜ் கல்லு."

ஊதி ஊதிக் காயவைத்து, நம்பரையும் எழுதினார். கல்பனாவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "ரொம்ப அபூர்வமான கல்லும்மா. தர முடியாது."

கல்பனாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மேஜைக்கு அருகே வந்துவிட்டாள்.

"இன்னா சார் இது? படம் எடுத்துட்டுக் குடுக்கறேன்னுதானே வாங்கினீங்க?"

"அப்போ சொன்னேன்."

"எம் புள்ளைக்கு மருந்து சார் அது. ஒரு துண்டாவது ஒடச்சிக் குடுங்க, கும்புட்டுக்கறேன்."

"ஒரு தூள்கூடத் தர மாட்டேன்."

"படிச்சவன்னு நம்பிக் குடுத்தோம் பாரு! இரு, எம்மார்வோ ஆபீஸ்ல, தாசில்தாருகிட்டயே எழுதிக் குடுக்கறேன்."

"குடும்மா. பிள்ளைக்கு உடம்புக்கு ஏதாவதுன்னா, கை மருந்து எதுவும் குடுக்காதே. நேரா பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்துடு."

"கல்லப் புடுங்கிக்கினு புத்தி வேற சொல்றியா? திருடா! ஒரு புள்ளய மண்ணுல வெச்சவ சொல்றேன், நீ நல்லா இருக்க மாட்ட!"

சத்தத்தில் குழந்தை வீறிட்டது. அதை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு விடுவிடுவென்று போனாள். வராண்டா தாண்டியும் அவள் திட்டுவது கேட்டது.

ரூபா கேமராவை மூடினாள். கண் கலங்கியிருந்தது.

"உங்ககூட வேலை செய்யவே வெக்கமா இருக்கு சார். ஒரு புத்தகத்துக்காக, பிள்ளையைப் பறிகொடுத்த பொம்பளைகிட்டப் போயி... அப்படி என்ன அபூர்வம் இதுல?"

"ஒரு அபூர்வமும் இல்ல." பூவராகவன் கல்லைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். "காரீயக்கல்லு. உரசிக் குடுத்தா விஷம்."

ரூபா பெட்டிக்குள் இருந்த கல்லைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்போ, அந்த சந்துரு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். "இதை அவங்ககிட்டயே சொல்லியிருக்கலாமே சார்?"

"இப்போ என்னைச் சபிச்சுக்கிட்டுப் போறா. சொல்லியிருந்தா, யாரைச் சபிப்பா?"

பூவராகவன் செருப்பை மாட்டிக்கொண்டு, கல்பனா போன பக்கம் பார்க்காமல், எதிர்ப்பக்கமாக நடந்தார்.